போர்ஷே 944-ஆ, டொயோட்டா 86-ஆ? இரண்டிலும் அதே 205, நடுவில் முப்பது வருடம்

இரண்டாம்கியர்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிற கேள்வி இது. பழைய கூபே ஒன்று வாங்கப் போகிறேன், கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று 1984 போர்ஷே 944, டர்போ இல்லாத 2.5 லிட்டர், ஐந்து கியர். இன்னொன்று 2013 டொயோட்டா 86, ஆறு கியர் மேனுவல். இரண்டையும் ஒரே நாளில், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என ஓட்டிப் பார்த்தேன்.

944-இல் பவர் ஸ்டீயரிங் இல்லை. நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள்பட்டை வரை வேலை வாங்கியது, ஸ்டீயரிங் வட்டம் வேறு தாழ்வாக இருந்து தொடையில் உரசியது. ஆனால் சாலையில் ஏறி இருபது கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் அந்தக் கனம் போய்விடுகிறது, ரோட்டில் கிடக்கும் சின்னக் கல் கூட விரலுக்குத் தெரிகிறது. 86-இல் உட்கார்ந்தால் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில், கியர் நெம்பு சட் சட் என்று விழுகிறது, ஆனால் 3500 ஆர்பிஎம் தாண்டியதும் எஞ்சின் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவது போல ஒரு சுணக்கம், அதைக் கடந்த பிறகுதான் பிய்த்துக்கொண்டு போகிறது.

வீட்டுக்கு வந்து விவரக்குறிப்பைப் பார்த்தால் இரண்டிலும் முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். அச்சுப் பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன். எடையும் 1180, 1240 கிலோ என்று பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த முப்பது வருடம் எங்கே போனது? எதை வாங்குவது?

ஏழாயிரம்ஆர்பிஎம்

86 வாங்குங்கள். ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். காலையில் சாவி போட்டால் கிளம்புகிறது, மழையில் விடுகிறேன், நெடுந்தூரம் போகிறேன். ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், ஏர்பேக் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் சுணக்கம் எல்லா 86-இலும் உண்டு, பழகிவிடும். 7400 வரை சுழலும் எஞ்சினை 3500-இல் வைத்துக்கொண்டு குறை சொன்னால் எப்படி, கீழே ஒரு கியர் போடுங்கள்.

பழையஎண்ணெய்

தம்பி, அச்சுப் பிழை இல்லை, அது சரியான எண்தான். ஆனால் அந்த 205 எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்ற பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். 944-இல் அது 3000-இல் வந்துவிடும். 86-இல் 6400 தாண்டி. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

944-இன் எஞ்சின் 2479 சிசி, நான்கே சிலிண்டர். பிஸ்டன் விட்டம் 100 மில்லிமீட்டர், அதாவது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிஸ்டன். போர்ஷே தன்னுடைய 928-இன் வி8-ஐ அடிப்படையாக வைத்து, ஏறக்குறைய அதன் பாதி என்று சொல்லும்படி உருவாக்கிய எஞ்சின் இது. இவ்வளவு பெரிய நாலு சிலிண்டர் இயல்பாகவே குலுங்கும். அந்தக் குலுக்கலை அடக்க எஞ்சினின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள், கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இவை இரண்டு சுற்று சுற்றும். அந்த அமைப்பின் காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்ததால் போர்ஷே உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்தியது. நீங்கள் ஓட்டிய வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது மென்மையாக இருந்ததா, இல்லை சீட்டில் நடுக்கம் தெரிந்ததா? தெரிந்தது என்றால் பெரும்பாலும் எஞ்சின் மவுன்ட் உட்கார்ந்துவிட்டது. உள்ளே திரவம் நிரப்பிய மவுன்ட் அது, வயதானால் கசிந்து அமுங்கிவிடும்.

86-இன் கதை முற்றிலும் வேறு. 1998 சிசி, சுபாருவின் படுக்கை வாட்டத்து எஞ்சின், விட்டமும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் போய் வரும் வீச்சும் 86 மில்லிமீட்டர். 200 குதிரைத்திறன், அதுவும் 7000-இல். அதாவது லிட்டருக்கு நூறு. டர்போ இல்லாமல் அந்த எண்ணை எட்ட வேண்டுமானால் மேலே சுழன்றுதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. 944 அதே நேரத்தில் 163 குதிரைத்திறனோடு நின்றுவிடுகிறது, 5800-க்கு மேல் அதனிடம் ஒன்றும் கிடையாது.

ஆகவே முப்பது வருடம் எங்கே போனது என்றால், அதே முறுக்குவிசையை இரண்டு மடங்கு ஆர்பிஎம்மில் தரும் அளவுக்கு வால்வும் இன்ஜெக்டரும் கணினியும் வளர்ந்ததில் போனது. அதை ஓட்டும்போது உணர வேண்டுமானால் நீங்கள் 7000-இல் இருக்க வேண்டும். நகரத்து வேகத்தில், மூன்றாவது கியரில், என் பழைய வண்டி புது வண்டிக்குப் பக்கத்தில் தலைகுனிய வேண்டியதில்லை. பதினான்கு வருடம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.

சரி, இதெல்லாம் ஆசை பேசுவது. முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த 944-இன் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் பெல்ட், எப்போது மாற்றினார்கள்? தேதி வேண்டும். கிலோமீட்டர் எனக்கு வேண்டாம்.

மலைப்பாதை

நான் ஒரு 944-ஐ ஐந்து வருடம் வைத்திருந்து விற்றவள். என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வண்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் அந்தப் பெரிய கண்ணாடிப் பின்கதவைத் திறந்தால் வரும் வாசனை ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது ஒன்றுதான் எனக்கு வண்டி, வேறு கிடையாது. ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் பட்டறையில் கிடந்தது. பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், பிறகு சென்சாரை மாற்றினார்கள், கடைசியில் பார்த்தால் டிஎம்இ ரிலே, எஞ்சின் கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பொருள், உள்ளே ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. இந்த வண்டியைத் தெரிந்த யாராவது இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாதவர்கள் கையில் கொடுத்தது என் தவறு, அந்த இரண்டு வாரமும் நான் வேலைக்குப் போனது பேருந்தில்.

அப்புறம் குழந்தை பிறந்தது. 944-இன் பின்சீட் என்பது இருக்கை வடிவில் இருக்கும் பை வைக்கும் இடம்தான். 86-இலும் அதே நிலைதான், ஆனால் குழந்தை இருக்கையை மாட்டுவதற்கு ஐசோஃபிக்ஸ் கொக்கியாவது இருக்கிறது. ஏபிஎஸ் 944-க்கு 1987 மாடல் வாக்கில்தான் கூடுதல் வசதியாக வந்தது, உங்கள் 1984-இல் கிடையாது. ஈர ரோட்டில் முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தினால் உங்கள் பாதம்தான் ஏபிஎஸ். எனக்கு ஒரு முறை அப்படி முன்சக்கரம் பூட்டிக்கொண்டது, இடிக்கவில்லை, ஆனால் கை நடுக்கம் அடங்க அரைமணி நேரம் ஆனது. அன்றைக்கு விற்க முடிவு செய்தேன்.

வண்டியைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு இது ஒன்றே வண்டியா, வேறு இருக்கிறதா?

இரண்டாம்கியர்

வேறு இருக்கிறது. வீட்டில் தினப்படி ஓட்ட ஒரு சாதாரண ஹேட்ச்பேக் உண்டு, இந்தக் கூபே வார இறுதிக்கு மட்டும். வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். குழந்தை இல்லை.

அண்ணா, நிறுத்தத்தில் நடுக்கம் இருந்தது, உள்பக்கக் கண்ணாடி அதிர்ந்தது. பெல்ட் பற்றி விற்பவரிடம் கேட்டேன். "மாற்றி ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஆகிறது, இன்னும் நிறைய ஓடும்" என்றார். தேதியைக் கேட்கத் தோன்றவில்லை.

பட்டறைக்காரன்

அந்த ஒன்பதாயிரத்தை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. 944-இன் ஓடோமீட்டருக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பற்சக்கரம் வயதாகி உடைந்துவிடும், முள் வேகம் காட்டும், எண்கள் மட்டும் நின்றுவிடும். பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. ஆகவே இந்த வண்டியில் டயலில் இருக்கும் எண்ணை விட பில்லில் இருக்கும் தேதிதான் பெரிது.

இன்னொன்று, ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வருடம்தான் தெரியும். நின்ற இடத்தில் நின்றாலும் பெல்ட் காய்கிறது, ஆயில் சீல் கடினமாகிறது, ஹோஸ் வீங்குகிறது. நாற்பது வயது வண்டி என்றால் இரும்பு நன்றாகவே இருக்கும், 944-இன் உடல் முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடு, அதனால்தான் அந்தக் காலத்து மற்ற வண்டிகள் துருவில் கரைந்த பிறகும் இவை நிற்கின்றன. போவது எல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கோந்தும். பின்கதவுக் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிய கோந்து விட்டுப்போகும், டாஷ்போர்டு வெடிக்கும். துரு என்று பார்த்தால் பேட்டரி தட்டுக்கு அடியில் பாருங்கள், அமிலம் வழிந்து தகடு ஓட்டையாகி உள்ளே கால் விரிப்பு ஈரமாக இருக்கும்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்காக. அந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. பெல்ட் அறுந்த அடுத்த கணம் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், திறந்தபடி நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் மேலே வந்து அடிக்கும். வளைந்த வால்வுகளோடு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, பம்ப் பேரிங் இறுகினாலும் பெல்ட் போச்சு. அதனால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய உருளைகளையும் பழைய பம்ப்பையும் அப்படியே விடுவது காசை மிச்சம் பிடிப்பதாகாது.

86-இல் டைமிங் செயின். இந்தத் தலைவலி கிடையாது.

ஏழாயிரம்ஆர்பிஎம்

பார்த்தீர்களா. செயின்.

பழையஎண்ணெய்

செயின்தான். ஆனால் 86-க்குத் தலைவலியே இல்லை என்பது போல விட்டுவிடாதீர்கள், வாங்கப் போகிறவருக்கு அது நியாயம் ஆகாது. அவர் பார்ப்பது 2013. வால்வு ஸ்பிரிங் விவகாரத்தை நீங்களே சொல்லுங்கள்.

ஏழாயிரம்ஆர்பிஎம்

சொல்கிறேன், மறைக்க எதுவும் இல்லை.

2012, 2013 வண்டிகளில் வால்வு ஸ்பிரிங் உடையலாம் என்று 2018 கடைசியில் திரும்ப அழைத்தார்கள். ஸ்பிரிங் சின்னதுதான், ஆனால் படுக்கை எஞ்சின் என்பதால் சிலிண்டர் தலைகள் இரண்டும் வண்டியின் இரு பக்கச் சுவரை ஒட்டி இருக்கும், எஞ்சினையே இறக்கித்தான் மாற்ற முடியும். முன்பக்க மூடியைப் பிரித்து மறுபடி மாட்டும்போது கேஸ்கெட்டுக்குப் பதில் திரவப் பசை போடுவார்கள். அது அளவுக்கு மீறினால் உள்பக்கம் பிதுங்கி, துண்டாகப் பிய்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். ஆயில் அழுத்தம் குறைந்து கிராங்க் பேரிங் தேய்ந்து எஞ்சின் போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் 2013 வாங்குகிறவர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணை வைத்து அந்த வேலை முடிந்ததா என்று பார்ப்பது ஒன்று. முடிந்திருந்தால் ஆயில் பாத்திரத்தைக் கழற்றி வலையைப் பார்ப்பது இன்னொன்று. என் வண்டியில் கழற்றினோம். வலையின் ஓரத்தில் அரிசி அளவில் மூன்று துண்டு சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டு மூடினோம், அதற்குப் பிறகு நாற்பதாயிரம் ஓட்டியாயிற்று.

அதைவிட எனக்குக் கவலை, முந்தைய உரிமையாளர் என்ன செய்தார் என்பது. அந்த 3500 சுணக்கத்தைப் போக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, கணினியில் வேறு மேப் (பெட்ரோலும் தீப்பொறியும் எப்போது, எவ்வளவு என்ற கணக்கு) ஏற்றுவது 86 வைத்திருப்பவர்களிடம் சர்வ சாதாரணம். ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் விற்கும்போது பழைய மேனிஃபோல்டை மறுபடி மாட்டிவிட்டு, மேப்பை மாற்ற மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் டிரிஃப்ட் ஓட்டிய வண்டி. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் சத்தம், கிளட்சை மிதிக்காதபோது கிரீச்சிட்டு மிதித்தால் நிற்கும் ரிலீஸ் பேரிங், பின்பக்க டயர் மட்டும் புதிதாக, முன்பக்கம் தேய்ந்து இருப்பது, இதெல்லாம் பேசும். பின்விளக்குக்குள் பனி போல நீர் கோத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆரம்ப வண்டிகளில் அது சகஜம். பெட்ரோல் பம்ப் சில்வண்டு போல் சத்தம் போடுவதும் அப்படித்தான்.

மலைப்பாதை

இது நல்ல பதில். 86 வாங்குவதானால் யாரும் கை வைக்காத வண்டியைத் தேடுங்கள், அது குதிரைக் கொம்புதான், ஆனால் கிடைக்கும்.

இரண்டாம்கியர்

அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். இரண்டும் வளைவில் நன்றாகவே இருந்தது, ஆனால் ஒரே மாதிரி இல்லை. 86 மூக்கைத் திருப்பியதும் உடனே திரும்புகிறது. 944 கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒருமுறை சாய்ந்து உட்கார்ந்த பிறகு தண்டவாளத்தில் போவது போலப் போகிறது. எடை ஏறக்குறைய ஒன்று என்றால் இது எப்படி?

பழையஎண்ணெய்

எடை எவ்வளவு என்பது ஒன்று, எங்கே இருக்கிறது என்பது வேறு. 944-இல் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால் அச்சோடு சேர்ந்து இருக்கிறது. இரண்டையும் ஒரு கனத்த குழாய் இணைக்கிறது, அதற்குள் கிளட்சிலிருந்து ஒரு மெல்லிய தண்டு எஞ்சின் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பாரமும் இரண்டு முனையில், கிட்டத்தட்டச் சரிபாதியாக. பளு தூக்குகிறவர் கையில் இருக்கும் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் எடை மாட்டிய தண்டைச் சட்டென்று சுழற்றுவது கஷ்டம், சுழலத் தொடங்கினால் நிறுத்துவதும் கஷ்டம். அந்த யோசனையும் அந்தத் தண்டவாளமும் ஒரே காரணத்தால் வருவது.

86-இல் எஞ்சின் படுத்திருக்கிறது, தாழ்வாகவும் பின்தள்ளியும் வைத்தார்கள், கியர்பாக்ஸ் அதன் பின்னாலேயே ஒட்டி இருக்கிறது. பாரம் நடுவை நோக்கி வந்துவிட்டது, தரையை ஒட்டியும் இருக்கிறது. முன்னால் 53, பின்னால் 47. தண்டின் நடுவில் எடையைக் கட்டியது போல. அதனால் மூக்கு உடனே திரும்புகிறது. அதோடு அவர்கள் வேண்டுமென்றே 215 அகல டயர் போட்டார்கள், சில பிரியஸ் வண்டிகளுக்குக் கொடுத்த அதே ரகம். பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி நழுவுவதை உணரலாம் என்ற எண்ணம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். விற்பனைத் தாளில் பெரிய எண் காட்டுவதற்காக அகல டயர் போடாமல் விட்டதற்காகவே அந்த வண்டியை வடிவமைத்தவர்களை மதிக்கிறேன்.

944-இன் பின்பக்க சஸ்பென்ஷன் பழைய முறை, சுருள் ஸ்பிரிங் கூடக் கிடையாது, குறுக்கே படுத்த முறுக்குத் தண்டுதான். அதற்குக் காரணம் அதன் பிறப்பு. முதலில் வந்தது 924, அதிலிருந்து வளர்ந்ததுதான் 944. அந்த 924-ஐ ஃபோக்ஸ்வாகன் தனக்காகப் போர்ஷேயிடம் செய்யச் சொன்னது, பிறகு வேண்டாம் என்று விட்டது, போர்ஷே திரும்ப வாங்கி 1976-இல் தன் பெயரில் விட்டது. 944-உம் நெக்கர்சுல்மில் இருந்த ஆடி ஆலையில்தான் உருவானது. இதைச் சொல்லி "இது உண்மையான போர்ஷே இல்லை" என்று ஒதுக்குகிறவர்கள் அன்றிலிருந்து இருக்கிறார்கள். ஒரு நல்ல மலை வளைவில் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பேசினால் போதும். 86-உம் சுபாருவின் குன்மா ஆலையில்தான் பிறந்தது, அதை யாரும் டொயோட்டா இல்லை என்று சொல்வதில்லை.

பட்டறைக்காரன்

கியர்பாக்ஸ் பின்னால் இருப்பது ஓட்டும்போது அழகு, கிளட்ச் மாற்றும்போது கண்ணீர். எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், அந்தக் குழாய் எல்லாவற்றையும் பின்னால் இழுத்த பிறகுதான் கிளட்ச் கண்ணில் படும். ஆரம்ப வண்டிகளின் கிளட்ச் தட்டில் நடுவில் ரப்பர் இருக்கும், அது பொடிந்தால் ஆக்சிலரேட்டரை விட்டு அழுத்தும்போது "டக்" என்று ஒரு அடி. ஸ்பிரிங் வைத்த தட்டு போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள். இரண்டு வண்டியையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம்கியர்

இரண்டையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டிகளைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

86: வால்வு ஸ்பிரிங் வேலை முடிந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் பார்க்கக் கம்பெனி மாதிரியே இருந்தது. ஆனால் மேனிஃபோல்டு போல்ட்டுகள் நான்கும் பளபளவென்று புதிது, சுற்றி இருப்பவை எல்லாம் துரு. கணினியைப் படித்துப் பார்த்தால் வேறு மேப். கேட்டதற்கு, "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார் உரிமையாளர். ஆயில் பாத்திரத்தைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. பின்சக்கரத்தைக் கையால் ஆட்டினால் டிஃபரன்ஷியலில் தளர்வு இருந்தது.

944: ஆயில் கசிவு முன்பக்கம், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல் என்றார் மெக்கானிக். ஓட்டிப் பார்த்த பத்து கிலோமீட்டரில் ஓடோமீட்டர் ஒரு எண் கூட நகரவில்லை. பேட்டரி தட்டு மேலோட்டத் துரு, ஓட்டை இல்லை. கூலன்ட் தொட்டியைத் திறந்தால் சுவரில் காப்பி நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, சிலிண்டர் தலைக்கு அடியில் ஆயிலையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று நினைத்தேன். பில் கோப்பு மட்டும் இரண்டு அங்குலக் கனம். கிளட்ச் மாற்றிய பில் இருக்கிறது, ஸ்பிரிங் தட்டு. பெல்ட் பில்லும் கிடைத்தது. தேதி பதினொரு வருடத்துக்கு முந்தையது.

பழையஎண்ணெய்

பதினொரு வருடம். தம்பி, அந்த வண்டியை நீங்கள் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்து ஓட்டிவிட்டீர்கள். மூன்றாவது தடவை வேண்டாம். வாங்குவதானால் டோ வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு நேராகக் கொண்டு போங்கள். விற்பவர் "ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கூலன்ட் படலத்துக்கு அவசரப்பட்டு அழ வேண்டாம். அந்த எஞ்சினில் ஆயில் கூலர் பக்கவாட்டில் எஞ்சினோடு ஒட்டி இருக்கும், ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் தண்ணீர். நடுவில் இருக்கும் சீல் காய்ந்தால் ஆயில் தண்ணீருக்குள் தள்ளும். ஹெட் கேஸ்கெட் என்று பயந்து பாதி விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும், போனது அந்தச் சீல்தான். எது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சினை இயக்காமலே பார்க்கலாம்.

ஏழாயிரம்ஆர்பிஎம்

மனசார 86 பக்கம் நிற்கிறவன் நான், ஆனால் அந்த 86-ஐ வாங்காதீர்கள். வலையைப் பார்க்க விடாத உரிமையாளர், மேப் மாற்றியதை மறைத்த வண்டி, தளர்ந்த டிஃபரன்ஷியல். இது வண்டியின் குற்றம் இல்லை, ஆனால் வாங்கினால் உங்கள் பிரச்சினை. நல்ல 86 வேண்டுமானால் இன்னும் மூன்று மாதம் தேடலாம், நானும் சேர்ந்து பார்க்கிறேன்.

மலைப்பாதை

எனக்கும் அதுதான் தோன்றுகிறது. 944-ஐ எடுத்தால், டிஎம்இ ரிலே ஒன்று கூடுதலாக வாங்கி வண்டியிலேயே வையுங்கள். டயர் புதிதாகப் போடுங்கள், பாதி தேய்ந்தது கூட வேண்டாம். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் டயரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

இரண்டாம்கியர்

944-ஐ எடுத்துவிட்டேன். காற்று அழுத்திப் பார்த்தோம், நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் குறையாமல் நின்றது, ஆயில் கூலர் சீல்தான். அந்தச் சீல், பெல்ட், பம்ப் வேலைகளை விலையில் கழித்துத் தந்தார். டோ வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போனேன்.

பெல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். வெளிப்பக்கம் பார்த்தால் கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. மெக்கானிக் அதை உள்பக்கம் வெளியே வருமாறு மடக்கிக் காட்டினார். ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை மாதிரி விரிசல், ஒரு பல்லை நகத்தால் தள்ளினார், அது சாய்ந்து கொடுத்தது. வாட்டர் பம்ப்பைக் கையில் சுற்றினால் மணல் அரைப்பது போல் இருந்தது. இரண்டில் எது முதலில் போயிருக்கும் என்று கேட்டேன். "போட்டி போட்டுக்கொண்டிருந்தன" என்றார்.

அந்தப் பெல்ட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன், கராஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இரண்டு பெல்ட் (டைமிங் ஒன்று, பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு ஒன்று), உருளைகள், பம்ப், முன்பக்க சீல்கள், ஆயில் கூலர் சீல், இரண்டு எஞ்சின் மவுன்ட், நான்கு டயர் எல்லாம் புதிது. கண்ணாடி இப்போது அதிர்வதில்லை. ரிலே கூடுதலாக ஒன்று பெட்டியில் இருக்கிறது.

பழையஎண்ணெய்

வாழ்த்துக்கள் தம்பி. இது 1987-க்கு முந்தைய வண்டி, பெல்ட்டை இறுக்கும் உருளையில் ஸ்பிரிங் கிடையாது, கையால் வைத்த இறுக்கம்தான். புது பெல்ட் கொஞ்சம் இழுபடும். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும், அதற்கென்று உள்ள அளவுகோலோடு. மறந்துவிடாதீர்கள்.

இரண்டாம்கியர்

மறக்க மாட்டேன் அண்ணா. ஓடோமீட்டர் பற்சக்கரம் இன்னும் மாற்றவில்லை, அதனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் போன தூரத்தைக் கைபேசி வரைபடத்தில் பார்த்து பில் கோப்பின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கிறேன். நேற்று வரை 212.